வைஃபைக்குக் கண்ட்ரோலர் தேவையா?

ஒரு ஆக்சஸ் பாயிண்ட் போதாமல் இரண்டாவது, மூன்றாவது வாங்கும்போது நண்பர்கள் கேட்கும் கேள்வி: "கண்ட்ரோலரும் சேர்த்து வாங்கணுமா?" எத்தனை ஆக்சஸ் பாயிண்ட் என்பதை வைத்துப் பதில் சொல்வது வழக்கம். கண்ட்ரோலர் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துப் பார்க்கணும் என்பது என் கட்சி.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைத் தீர்த்துவிடுவோம். மாடி ஏறும்போது நம் போனை அடுத்த ஆக்சஸ் பாயிண்டுக்கு மாற்றுவது கண்ட்ரோலர் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. எப்போது மாறுவது என்று முடிவெடுப்பது போன்தான். 802.11கே, 802.11வி இரண்டும் போனுக்கு யோசனை சொல்லும், 802.11ஆர் மாறும் நேரத்தைக் குறைக்கும். இவற்றை ஓப்பன்டபிள்யூஆர்டி ஓடும் ரவுட்டர்களில் கண்ட்ரோலர் இல்லாமலே அமைக்கலாம்.

அப்போ கண்ட்ரோலர் எதற்கு? மூன்று இடத்தில் பாஸ்வேர்டு மாற்றுவது சின்ன வேலை. முப்பது இடத்தில் என்றால் ஒன்றாவது விட்டுப்போகும். சேனலும் அப்படித்தான். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாமல் வழக்கமாகப் பயன்படுத்துவது 1, 6, 11 மட்டுமே. மூன்று ஆக்சஸ் பாயிண்டுக்கு நாமே பிரித்துக் கொடுத்துவிடலாம். ஒரு ஹாஸ்டல் முழுக்க முப்பது இருந்தால், எது எந்தச் சேனலில், எவ்வளவு பவரில் என்று மொத்தமாகப் பார்த்து முடிவெடுக்க ஒரு ஆள் வேணும். அந்த ஆள்தான் கண்ட்ரோலர்.

ஆனால் அந்த ஒரே பெயரில் இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒன்றில், போன்களின் டேட்டா முழுவதும் டனல் வழியாகக் கண்ட்ரோலருக்குப் போய்த்தான் வெளியேறும். 2009-ல் ஆர்எஃப்சி 5415 ஆக வந்த கேப்வாப் இதற்கு வழி செய்கிறது. மாற்றுக் கண்ட்ரோலர் இல்லாத நிலையில் இது நின்றால் வைஃபையும் நிற்கும். யூனிஃபை போன்ற இன்னொரு வகையில், கண்ட்ரோலர் செட்டிங்குகளை மட்டும் அனுப்பும். டேட்டா நேராக சுவிட்சுக்குப் போய்விடும். கண்ட்ரோலரை அணைத்தாலும் வைஃபை ஓடும். அதை நம்பியிருக்கும் விருந்தினர் லாகின் பக்கம் போன்றவைதான் நிற்கும்.

வீட்டுக்கும் சின்ன ஆபீசுக்கும் தனித்தனி ஆக்சஸ் பாயிண்டே போதும். ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, வேறு வேறு சேனல் கொடுங்கள். பத்தைத் தாண்டினால் இரண்டாவது வகைக் கண்ட்ரோலர் நல்லது. பணம் கொடுப்பதற்கு முன் விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: கண்ட்ரோலரின் பிளக்கைப் பிடுங்கினால் எதெல்லாம் நிற்கும்? லைசென்ஸ் முடிந்தால் எது நிற்கும்? விலைப்பட்டியலில் இந்தப் பதில்கள் இருக்காது.