பனியன் கம்பெனி முழங்கால்கள்

ஷிப்ட் முடிந்து அவிநாசியில் கம்பெனி பஸ் நிற்கும்போது கவனித்துப் பாருங்கள். ஐம்பதைத் தாண்டிய பெண்கள் நேராக இறங்குவதில்லை. கம்பியைப் பிடித்து, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, வலிக்கிற காலை முதலில் தரையில் ஊன்றுவார்கள். கேட்டால், "வயசாச்சுங்க, முட்டி தேஞ்சு போச்சு" என்று முடித்துக்கொள்வார்கள்.

வயதின் மேல் மட்டும் பழி போட முடியாது. ஆக்ரா, பெங்களூரு, கொல்கத்தா, டேராடூன், புனே ஆகிய ஐந்து இடங்களில் 40 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த ஆய்வு 2016-இல் வெளியானது. 28.7 சதவீதம் பேருக்கு முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது, பெண்களில் 31.6 சதவீதம். வயதோடு உடல் பருமனும் உட்கார்ந்தே பார்க்கும் வேலையும் சேர்ந்து வந்தன. உட்கார்ந்ததால் முட்டி போனதா, முட்டி போனதால் உட்கார்ந்தார்களா என்பதை இந்த மாதிரிக் கணக்கெடுப்பு சொல்லாது. ஆனால் நாள் முழுக்க மெஷினில் உட்காரும் டைலருக்குத் தொடைத் தசை தளர்ந்து எடை ஏறினால் பாரம் மூட்டின் மேல்தான் விழும்.

குந்தி உட்காருவதும் சேர்கிறது. பெய்ஜிங்கின் வயதான பெண்கள் அமெரிக்கப் பெண்களைவிட ஒல்லி. ஆனாலும் அவர்களுக்கே முழங்கால் தேய்மானம் அதிகம் என்று 2001-இல் தெரியவந்தது. இளவயதில் தினமும் பல மணி நேரம் குந்தி உட்கார்ந்த பழக்கத்தை ஆய்வாளர்கள் ஒரு காரணமாகச் சொன்னார்கள். நம் வீட்டில் வாசல் கூட்டுவது, துணி துவைப்பது எல்லாம் அப்படித்தானே நடந்தது? பாரம் தூக்கும் வேலை, எப்போதோ வண்டியிலிருந்து விழுந்து பட்ட அடி, பரம்பரை ஆகியவையும் உண்டு.

மாற்றக்கூடியது எடை. ஒரு கிலோ குறைந்தால், நடக்கையில் ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் சுமப்பதில் சுமார் நான்கு கிலோ குறைகிறது.

வலிக்கிறதே என்று நடையை அடியோடு நிறுத்துவதுதான் பெரிய தவறு. தசை இன்னும் தளரும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணி இறக்குங்கள். மூட்டு வீங்கிச் சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அது தேய்மானமல்ல, அன்றே டாக்டரிடம் போக வேண்டும். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபியும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.