பேட்டரி போடாத ரிமோட்

விற்ற பொருள் திரும்பி வந்து கல்லா முன்னால் உட்கார்ந்தால் என்ன பாடு என்பதை நம் வணிகப் பெருமக்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. டார்ச் லைட் வாங்கிப் போனவர் அடுத்த மாதம் வந்து "லைட் எரியவில்லை" என்பார். கழற்றிப் பார்த்தால் பேட்டரி தீர்ந்திருக்கும். அது கம்பெனியின் குற்றமும் அல்ல, கடைக்காரரின் குற்றமும் அல்ல. ஆனாலும் பேச்சுக் கேட்பவர் கடைக்காரர்தான்.

இந்தத் தொல்லையை 1950-களின் நடுவில், அமெரிக்காவில் சிகாகோ நகரத்து டி.வி. கம்பெனி ஒன்றின் விற்பனைப் பிரிவினர் முன்கூட்டியே எண்ணிப் பார்த்தார்கள். "ரிமோட் செய்யுங்கள், ஆனால் அதில் பேட்டரி இருக்கக் கூடாது" என்று பொறியாளர்களுக்கு நிபந்தனை போட்டார்கள். அந்த நிபந்தனையால் பிறந்த ரிமோட்டுகளையும் அவற்றுடன் வந்த டி.வி. பெட்டிகளையும் தேடிப் பிடித்துப் பழுது பார்ப்பதை இன்று பலர் ஒரு தவமாகவே செய்துவருகிறார்கள். நம் நாட்டில் டி.வி. ஒளிபரப்பு தொடங்கியதே 1959-ல்தான். சென்னைக்கு அது வந்தது 1975-ல். ஆகவே இந்தப் பெட்டிகள் நம் கடைத்தெருக்களைப் பார்த்தவை அல்ல. என்றாலும், இந்தக் கதை நெடுகக் கடைக்காரர்களின் கைரேகை பதிந்து கிடப்பதால் நம் இதழில் இதற்கு இடம் உண்டு என்று கருதுகிறோம்.

விளம்பரத்தின் வாயை மூட

கம்பெனியின் பெயர் ஜெனித். அதன் தலைவர் யூஜின் மெக்டொனால்டு, கடற்படையில் பணியாற்றியதால் கமாண்டர் என்றே அழைக்கப்பட்டவர். நிகழ்ச்சிக்கு நடுவே வரும் விளம்பரங்கள் அவருக்கு அறவே பிடிக்காது. நாற்காலியை விட்டு எழாமலே அவற்றின் சத்தத்தை நிறுத்த ஒரு வழி வேண்டும் என்றார். சோப்பு கம்பெனிகளும் சிகரெட் கம்பெனிகளும் கொடுக்கும் பணத்தில்தான் டி.வி. நிலையங்கள் நடந்தன. அந்த நிகழ்ச்சிகளைப் பார்க்கப் பெட்டி விற்ற ஒருவரே விளம்பரத்தின் வாயை மூடக் கருவி தேடியது வேடிக்கைதான்.

முதலில் 1950-ல் வந்தது 'லேஸி போன்ஸ்'. பெயருக்குச் சோம்பேறி என்று பொருள். பெட்டியிலிருந்து ஒரு நீளமான ஒயர் உட்காரும் இடம் வரை வரும். நுனியில் ஒரு சுவிட்சுக் கட்டை. அமுக்கினால் உள்ளே ஒரு மோட்டார் சானல் திருகியைத் திருப்பும். வேலை ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் கூடத்தின் குறுக்கே ஒயர் கிடந்தால் யார் காலாவது தட்டத்தானே செய்யும்? புகார்கள் வந்தன.

அடுத்தது 1955-ல் யூஜின் பாலி என்ற பொறியாளர் உருவாக்கிய 'ஃபிளாஷ்-மேட்டிக்'. பாலி ஜெனித்தின் சரக்கறையில் வேலைக்குச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர். அவருடைய ரிமோட், துப்பாக்கி வடிவில் செய்த டார்ச் லைட். டி.வி. திரையின் நான்கு மூலைகளிலும் ஒளியை உணரும் போட்டோசெல்கள் இருந்தன. ஒரு மூலையில் வெளிச்சம் அடித்தால் படமும் ஒலியும் நிற்கும், இன்னொரு மூலையில் அடித்தால் சானல் மாறும். ஒயர் இல்லாத முதல் டி.வி. ரிமோட் இதுதான். சுமார் 30,000 விற்றன. மாலை வெயில் ஜன்னல் வழியாக விழுந்தால் பெட்டி தானாகவே சானல் மாற்றிக்கொண்டது. எந்த மூலை எதற்கு என்பதையும் ஜனங்கள் மறந்துபோனார்கள்.

சுத்தியலும் நான்கு கம்பிகளும்

இதன் பிறகுதான் ராபர்ட் ஆட்லர் வருகிறார். 1913-ல் வியன்னாவில் பிறந்து, அங்கேயே டாக்டர் பட்டம் பெற்று, 1941-ல் ஜெனித்தில் சேர்ந்த இயற்பியல் அறிஞர். ரேடியோ அலையைப் பயன்படுத்தலாமா என்று பார்த்தார்கள். அது சுவரைத் தாண்டிப் போகும். இங்கே பொத்தானை அமுக்கினால் பக்கத்து வீட்டு டி.வி.யும் சேர்ந்து மாறும். காதில் விழும் ஒலியும் சரிப்படாது. பெட்டியிலிருந்து வரும் ஒலியே பெட்டியை மாற்றிவிடக் கூடும். மிஞ்சியது காதுக்கு எட்டாத ஒலி.

இந்த இடத்தில்தான் விற்பனைப் பிரிவினரின் நிபந்தனை குறுக்கே வந்தது. அன்றைக்குப் பேட்டரி என்றால் டார்ச் லைட்டுக்கும் காது கேட்கும் கருவிக்கும்தான். டார்ச்சில் பேட்டரி தீர்ந்தால் வெளிச்சம் மங்குவது கண்ணுக்குத் தெரியும். காதிலும் விழாமல் கண்ணிலும் படாமல் வேலை செய்யும் ஒரு கருவியில் பேட்டரி தீர்ந்தால் வாடிக்கையாளருக்கு என்ன தெரியும்? டி.வி.யே கெட்டுவிட்டது என்றல்லவா கடைக்கு வருவார்? இதுதான் அவர்கள் வாதம். பொறியாளர்களுக்கு இது வீண் பிடிவாதமாகப் பட்டிருக்கலாம். நம்மைக் கேட்டால், கல்லாவுக்குப் பின்னால் நின்று பழகியவருக்குத்தான் இப்படித் தோன்றும்.

ஆட்லர் கண்ட வழி மிக எளியது. கோயில் மணிக்கு மின்சாரம் எதற்கு? அடித்தால் ஒலிக்கிறது. ஏறக்குறைய இரண்டரை அங்குல நீளமுள்ள அலுமினியக் கம்பியின் நுனியில் ஒரு சின்னச் சுத்தியல் தட்டினால், அது வினாடிக்குச் சுமார் 40,000 முறை அதிரும். மனிதக் காதுக்கு 20,000-க்கு மேல் எட்டாது. நீளத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூட்டிக் குறைத்தால் அதிர்வு மாறும். அப்படி நான்கு கம்பிகள், நான்கு கட்டளைகள்: சானல் இப்படி, சானல் அப்படி, ஒலி நிறுத்த, பெட்டியை ஏற்ற இறக்க. பொத்தானை அமுக்கும்போது சுருள்வில் இழுபட்டு, சுத்தியல் விடுபட்டு 'டக்' என்று தட்டும். அந்த 'டக்' சத்தத்தால்தான் அமெரிக்கர்கள் ரிமோட்டுக்கே 'கிளிக்கர்' என்று பெயர் வைத்தார்கள். 'ஸ்பேஸ் கமாண்ட்' என்ற பெயரில் இது 1956-ல் விற்பனைக்கு வந்தது.

ரிமோட்டில் மிச்சம் பிடித்த செலவு பெட்டியில் வந்து விடிந்தது. கேளாத ஒலியைப் பிடித்து, பெருக்கி, நான்கில் எது என்று பிரித்தறிய ஆறு வால்வுகள் கூடுதலாகத் தேவைப்பட்டன. பெட்டியின் விலை சுமார் 30 சதவீதம் ஏறியது. கூடவே ஒரு வினோதமும் சேர்ந்தது. சாவிக்கொத்து குலுங்கினாலும் சில்லறைக் காசு கொட்டினாலும் அந்த ஓசைக்குள் காதுக்கு எட்டாத அதிர்வும் கலந்திருக்கும். பெட்டி சானல் மாற்றும். கடைக்கு மேலேயே வீடு வைத்திருந்து, ராத்திரி கூடத்தில் உட்கார்ந்து சில்லறை எண்ணுகிற வியாபாரி இதை வாங்கியிருந்தால் நிம்மதியாக ஒரு படம் பார்த்திருக்க முடியாது.

1960-களில் டிரான்சிஸ்டர் வந்ததும், பேட்டரி போட்டு அதே கேளாத ஒலியை எழுப்பும் ரிமோட்டுகள் வந்தன. அதற்குள் ஜனங்களும் பேட்டரிக்குப் பழகிவிட்டார்கள். கேளாத ஒலியை நம்பிய ரிமோட்டுகள் சுமார் 25 ஆண்டுகள் நீடித்தன. 1980-களின் தொடக்கத்தில் அகச்சிவப்பு ஒளி ரிமோட்டுகள் அந்த இடத்தைப் பிடித்தன. ஆட்லருக்கும் பாலிக்கும் 1997-ல் எம்மி விருது கிடைத்தது. ஆட்லர் 2007-லும் பாலி 2012-லும் காலமானார்கள்.

வாங்குவதும் திறப்பதும்

இந்தப் பெட்டிகள் காலமானவர்களின் வீட்டுச் சாமான் விற்பனைகளிலும், பரண்களிலும், கார் கொட்டகைகளிலும்தான் கிடைக்கின்றன. மரப்பெட்டி, கனமான கண்ணாடி, டிரான்ஸ்பார்மர் என்று இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய சுமை. வீட்டைக் காலி செய்கிறவர்களுக்கு அதைக் குப்பையில் போடுவதுதான் சுலபம். பெட்டி தப்பினாலும் ரிமோட் தப்புவதில்லை. உள்ளங்கையளவு பொருள், எங்கேயோ போய்விடுகிறது. ரிமோட் இல்லாத ஸ்பேஸ் கமாண்ட் பெட்டி, சாவி தொலைந்த பூட்டு மாதிரி. இரண்டும் ஒன்றாகக் கிடைத்தால் சேகரிப்பவர் பேரம் பேசாமல் வாங்குவார்.

கையில் வந்ததும் ஆசையாக ப்ளக்கைச் செருகுவதுதான் பெரிய தவறு. உள்ளே இருக்கும் மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்கள் அறுபது எழுபது ஆண்டுகளில் ஈரம் ஏறி மின்சாரத்தைக் கசியவிடும். எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் காய்ந்துபோயிருக்கும். நேராக மின்சாரம் கொடுத்தால் மாற்றுக் கிடைக்காத டிரான்ஸ்பார்மர் எரிந்து, அரை மணியில் எல்லாம் முடிந்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் முதலில் கண்டென்சர்களை மாற்றி, ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாக அளந்து, பிறகு ஒரு குண்டு பல்பை வரிசையில் இணைத்து மின்சாரத்தை மட்டுப்படுத்திப் பார்ப்பார்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். நம்மூர் மெக்கானிக்குகளுக்கும் இது தெரிந்த வித்தைதான். எந்த மாடலுக்கு எந்தச் சர்க்யூட் என்று பார்க்க, 1946 முதல் இண்டியானாபோலிஸ் நகரிலிருந்து ஸாம்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'போட்டோஃபேக்ட்' தாள்கள் உதவுகின்றன.

உயிருக்கு ஆபத்தான வேலை இது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிக்சர் டியூபில் 10,000 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் பாய்கிறது. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அது டியூபிலேயே தங்கியிருக்கும். டியூபுக்குள் வெற்றிடம். 21 அங்குலத் திரையின் முகப்பை வெளிக்காற்று ஒரு டன்னுக்கு மேற்பட்ட பாரத்துடன் அழுத்திக்கொண்டிருக்கிறது. கழுத்தில் ஒரு தட்டுத் தட்டினால் உள்நோக்கி வெடித்துக் கண்ணாடி நாலாபக்கமும் சிதறும்.

1960-களின் பெட்டிகளில் இன்னொரு நோயும் உண்டு. டியூபின் முகப்பில் பாதுகாப்புக் கண்ணாடியை ஒட்டிய பசை, ஓரத்திலிருந்து வெண்மையாகப் பூத்துக்கொண்டே வரும். சேகரிப்பவர்கள் இதற்குக் கண்புரை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பசையைச் சூட்டில் இளக்கி, மெல்லிய கம்பியால் அறுத்து அந்தக் கண்ணாடியைப் பிரிக்கும் சிகிச்சையும் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

கண்டென்சரை மாற்றுவதில் அவர்களுக்குள் ஒரு வழக்கு உண்டு. சிலர் பழைய கண்டென்சரின் உள்ளிருப்பதை நீக்கி, புதிய சிறு கண்டென்சரை அதனுள் வைத்து, மெழுகு ஊற்றி மூடிவிடுகிறார்கள். வெளியே 1956, உள்ளே நேற்று வந்த சரக்கு. இது வேலைத்திறமையா, கலப்படமா? பார்வைக்குப் பழமை கெடாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் விற்கும்போது வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது நம் கட்சி.

மளிகைக் கடை வால்வுகள்

இந்த வேலைக்கு வால்வு எங்கிருந்து வருகிறது? நம் மளிகை வணிகர்களுக்கு இது ருசிக்கும். 1950, 60-களில் அமெரிக்காவில் மருந்துக் கடைகள், மளிகைக் கடைகள், ஹார்டுவேர் கடைகளில் வால்வு சோதிக்கும் இயந்திரம் நிற்கும். டி.வி. மக்கர் செய்தால் வீட்டுக்காரர் வால்வுகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்து, தாமே செருகிச் சோதித்து, கெட்டதற்கு மாற்றாக இயந்திரத்தின் அடியில் இருக்கும் அலமாரியிலிருந்து புதியதை வாங்கிப் போவார். பாலும் ரொட்டியும் வாங்க வந்த இடத்திலேயே டி.வி. வைத்தியமும் முடிந்துவிடும். டிரான்சிஸ்டர் பெட்டிகள் பெருகியதும் அந்த வியாபாரம் படுத்தது. அட்டைப்பெட்டி பிரிக்காத வால்வுகள் கடைகளிலும் கிடங்குகளிலும் தேங்கின. அன்று முதலை முடக்கிய அந்தச் சரக்கைத்தான் சேகரிப்பவர்கள் இன்று தேடித் தேடி வாங்குகிறார்கள்.

வால்வுக்கு இந்த வசதி உண்டு. பிக்சர் டியூபுக்கு இல்லை. ஓய்ந்துபோன டியூபைத் திறந்து, புது எலக்ட்ரான் துப்பாக்கி பொருத்தி, மறுபடி காற்றை உறிஞ்சி மூடித் தரும் பட்டறைகள் ஒரு காலத்தில் ஏராளமாக இருந்தன. ஐயோவா மாநிலத்தில் கடைசிவரை தாக்குப்பிடித்த ஹாக்-ஐ நிறுவனமும் 2010-ல் மூடப்பட்டது. அதன் இயந்திரங்களை ஒஹையோ மாநிலம் ஹில்லியார்டில் உள்ள பழந்தொலைக்காட்சி அருங்காட்சியகம் பெற்றுக்கொண்டது. இயந்திரம் இருந்தால் போதாது. கண்ணாடியை எந்த வேகத்தில் சூடாக்குவது, எப்போது ஆறவிடுவது என்று அறிந்த கை வேண்டும். அந்தக் கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. பார்ப்பதற்கும் ஏற்பாடு வேண்டும். அமெரிக்காவில் பெரிய நிலையங்களின் பழைய முறை ஒளிபரப்பு 2009 ஜூன் 12-ல் நின்றுவிட்டது. ஆகவே மாற்றுப் பெட்டி ஒன்றையும், படத்தைப் பழைய சானல் அலையாக மாற்றித் தரும் மாடுலேட்டர் ஒன்றையும் இடையில் வைத்துத்தான் இந்தப் பெட்டிகளுக்குப் படம் காட்டுகிறார்கள்.

இத்தனையும் பெட்டியின் பாடு. ரிமோட்டின் பாடு இதில் பத்தில் ஒன்று இருக்காது. நாலு திருகைக் கழற்றி, தூசு துடைத்து, கம்பிகள் தாங்கியில் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா, சுருள்வில் துருவேறாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதுதான். கம்பியை அரத்தால் ராவக் கூடாது. நீளம் குறைந்தால் சுருதி மாறி, பெட்டி அடையாளம் கண்டுகொள்ளாது. வௌவாலின் குரலைக் கேட்க ஆராய்ச்சியாளர்கள் வைத்திருக்கும் கருவியை எதிரில் பிடித்தால் ஒலி எழுகிறதா என்று தெரிந்துவிடும். ரிமோட் கிடைக்காதவர்கள் பெட்டியின் முன் சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்க்கிறார்கள். உள்ளே ரிலே தட்டினால் அந்தப் பகுதிக்கு உயிர் இருக்கிறது. பிற்காலத்து ரிமோட்டுகளைத் திறந்தால் பேட்டரி பொங்கி வழிந்து தகடுகளை அரித்துப் பச்சை பூத்துக் கிடப்பது வழக்கம். 1956-ம் ஆண்டு ரிமோட்டில் அரிப்பதற்கு எதுவும் இல்லை. பொத்தானை அமுக்கினால் 'டக்'. பெட்டிக்குள் மோட்டார் உறுமி, சானல் ஒரு எண் நகர்கிறது.