ஒன்பது பேருக்கு ஒரே பாஸ்வேர்ட்

இந்தக் கிழமை எபிசோட்டில் பாஸ்வேர்ட் மனேஜர் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது, "ஒரு யூனிவர்சிட்டியில ஒன்பது பேர் ஒரே பாஸ்வேர்ட் பாவிச்சவை, அது பெரிய கதை" என்று சொல்லிவிட்டு அப்படியே தாண்டிப் போய்விட்டேன். அதுக்குப் பிறகு அந்தக் கதை என்ன என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். சரி, எழுதுகிறேன்.

எந்த யூனிவர்சிட்டி என்று மட்டும் கேட்க வேண்டாம். ஜிடிஏக்குள்ளே ஒன்று, நான் படித்த இடம் இல்லை. ஆறு மாதக் கொன்ட்ராக்ட். பழைய சேர்வர்களைப் புதிய மெஷின்களுக்கு மாற்றுவதுதான் வேலை. மூன்றாவது கிழமை ஒரு டிக்கெட் வந்தது: "மார்க்கிங் அக்கவுண்டின் பாஸ்வேர்டை உடனே மாற்றித் தரவும்." ஒரு வரிதான். உடனே என்று ஏன் கேட்கிறார்கள் என்று விசாரித்தபோதுதான் மிச்சம் வெளியே வந்தது.

முதலாம் வருட புரோகிராமிங் கோர்ஸ். சில நூறு மாணவர்கள். அவர்கள் அனுப்பும் அசைன்மென்ட் எல்லாம் ஒரு லினக்ஸ் சேர்வரில் ஒரு ஃபோல்டருக்குள்ளே வந்து விழும். திருத்துவதற்கு ஒன்பது டிஏக்கள். அந்த ஒன்பது பேரும் உள்ளே போவது ஒரே அக்கவுண்டால். மாணவர்களின் கோட், சோதிக்கிற ஸ்கிரிப்டுகள், மார்க் ஃபைல் எல்லாம் அந்த அக்கவுண்டின் சொத்து. பாஸ்வேர்ட் டிஏக்களின் குரூப் சட்டில் மேலே பின் பண்ணிக் கிடந்தது. போன வருட டிஏக்களும் அந்த குரூப்பில் இன்னும் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் படிப்பு முடித்து வேலைக்கே போய்விட்டார்கள்.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இது சோம்பேறித்தனத்தால் வந்தது இல்லை. செப்டெம்பரில் டிஏக்களை எடுப்பது கடைசி நேரத்தில். ஒவ்வொருவருக்கும் தனி அக்கவுண்ட் எடுக்க ஃபோர்ம் நிரப்ப வேண்டும், யாராவது கையெழுத்து வைக்க வேண்டும். அதெல்லாம் செய்து முடித்தாலும், ஒருவர் உருவாக்கிய ஃபைலை மற்றவரால் திறக்க முடியாது. இரவு பதினொரு மணிக்கு 'பெர்மிஷன் டினைட்' என்று வரும்போது, "பேசாமல் எல்லாரும் ஒரே அக்கவுண்டைப் பாவிப்பம்" என்று ஒருவர் சொல்லுவார். மற்றவர்களுக்கு நிம்மதி. நான் டிஏயாக இருந்த காலத்தில் அந்த ஒருவர் நான்தான்.

இனிப் பிரச்சினைக்கு வருகிறேன். மூன்றாவது அசைன்மென்டில் ஒரு மாணவனின் மார்க் 58 ஆக இருந்தது. இரண்டு நாள் கழித்து அது 71. பேராசிரியர் முதலே ஒரு பிரதி டவுன்லோட் பண்ணி வைத்திருந்தார். அந்த மாணவன் ஒஃபிஸ் அவர்ஸுக்கு வந்து மார்க் பற்றிக் கேட்டபோது இரண்டு எண்ணும் ஒத்துப்போகவில்லை. மாற்றினது யார்?

சேர்வரைக் கேட்டேன். ஃபைலின் உரிமையாளர் மார்க்கர். லொக்கில் உள்ளே வந்தவர் மார்க்கர். அந்த இரவு மூன்று வெவ்வேறு முகவரிகளில் இருந்து மார்க்கர் வந்திருக்கிறார், மூன்றும் கம்பஸ் வைஃபை. கொமாண்ட் ஹிஸ்டரியைப் பார்த்தால் ஒன்பது பேரின் கொமாண்டுகளும் ஒரே குவியலாகக் கிடந்தன. எதுக்கும் நேரம் பதியப்பட்டிருக்கவில்லை.

சேர்வருக்குத் தெரியாததை மனிதர்கள் ஊகித்துக்கொண்டார்கள். அந்த மாணவனின் கடைசிப் பெயர் இங்கிலிஷில் பதினாறு எழுத்து. டிஏக்களில் ஒருத்தியின் கடைசிப் பெயர் பதினெட்டு எழுத்து. மீட்டிங்கில் ஒருவர் மிகவும் மரியாதையாக, இரண்டு பேரும் சொந்தமோ என்று கேட்டார். நான் கொன்ட்ராக்டர், மூலைக் கதிரையில் இருந்தேன். என் பெயரும் சின்னது இல்லை.

அவள் மார்க்கம், அவன் பிரம்டன். அந்த கோர்ஸுக்கு வெளியே முன்பின் பார்த்ததே இல்லை. ஆனால் "நான் செய்யேல்லை" என்று அவள் சொல்வதைத் தவிர வேறு எதைக் காட்டுவது? ஒன்பது பேரில் யாரும் செய்திருக்கலாம் என்றால், ஒன்பது பேரில் யாரையும் சந்தேகிக்கலாம். அதிலே எந்தப் பெயர் முதலில் கண்ணில் படும் என்பதுதான் மிச்சம்.

அந்தச் சேர்வர் மணிக்கொருமுறை ஸ்னப்ஷொட் எடுத்து வைத்தது எங்களுடைய அதிர்ஷ்டம். இரவு ஒரு மணி ஸ்னப்ஷொட்டையும் இரண்டு மணி ஸ்னப்ஷொட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். மாறியிருந்தது ஒரு வரி இல்லை. இருபத்துமூன்று வரி. அந்த இருபத்துமூன்று பேரின் டெஸ்ட் அவுட்புட் ஃபைல்களும் அதே நிமிடத்தில் புதிதாக எழுதப்பட்டிருந்தன. எல்லாருடைய கோடும் கடைசியில் ஒரு வெற்று வரியைக் கூடுதலாக அச்சிட்டது. முதல் தடவை ஸ்கிரிப்ட் அதைப் பிழை என்று எடுத்திருக்கிறது. யாரோ ஒரு டிஏ, நியாயமாகவே, டெஸ்டைத் திருத்தி அந்த இருபத்துமூன்று பேருக்கு மட்டும் திரும்ப ஓட்டியிருக்கிறார். ஓட்டிவிட்டு ஒருவருக்கும் சொல்லவில்லை. மற்ற இருபத்திரண்டு பேரும் ஒஃபிஸ் அவர்ஸுக்கு வராதபடியால் அவர்களின் மார்க்கை ஒருவரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

ஓட்டியது யார் என்பது இன்றைக்கும் தெரியாது. மீட்டிங்கில் கேட்டவர் "சரி, நல்லது" என்றார். அந்தப் பிள்ளை அடுத்த டேர்முக்கு அப்ளை பண்ணவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்காபரோவில் சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "அப்ப எங்களையும் இதுதானே கேட்டவை" என்றார். அப்பா சொன்னது 1970ஆம் ஆண்டுக் கதை. இலங்கையில் பொறியியலுக்குத் தெரிவான தமிழ்ப் பிள்ளைகளின் எண்ணிக்கை கூட என்று ஒரு பேச்சு கிளம்பியது. தமிழ் திருத்துநர்கள் தமிழ் விடைத்தாளுக்கு மார்க்கை அள்ளிப் போட்டுவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அது நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் 1971 அனுமதியில் பேராதனைப் பொறியியல் பீடத்துக்கான வெட்டுப்புள்ளி, 400க்கு, சிங்கள மொழிமூலத்துக்கு 227, தமிழ் மொழிமூலத்துக்கு 250 என்று வந்தது. தரப்படுத்தல் என்று வீட்டில் பெரியவர்கள் கதைப்பது இங்கேயிருந்து தொடங்குகிறது. விடைத்தாளில் பெயர் இல்லை, சுட்டெண்தான். ஆனால் எழுதியிருக்கிற மொழியை எந்தச் சுட்டெண்ணாலும் மறைக்க ஏலாது. என் பெரியப்பா அந்தக் காலத்தில் சோதனை எடுத்தவர். எத்தனை மார்க் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஒரு நாட்டின் கதையையும் ஒரு அசைன்மென்டின் 13 மார்க்கையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஆனால் அன்றைக்குப் பிறகு அந்த டிக்கெட்டை வெறும் பாஸ்வேர்ட் மாற்றத்தோடு மூட எனக்கு மனம் வரவில்லை. லொக் என்றால் கள்ளனைப் பிடிக்கிறதுக்கு என்றுதான் நாங்கள் பழகியிருக்கிறோம். திருத்துகிற ஆளுக்கு, "இது என் கை இல்லை" என்று காட்ட இருக்கிற ஒரே காகிதமும் அதுதான்.

இந்தப் பிரச்சினை ஒன்றும் புதிது இல்லை. 1960இலேயே அமெரிக்காவில் ரென்சலார் பொலிடெக்னிக்கில் ஜாக் ஹொலிங்ஸ்வேர்த் என்பவர் மாணவர்களின் புரோகிராம்களைத் தானாகத் திருத்தும் ஒரு புரோகிராம் பற்றி எழுதினார். அப்போது எல்லாம் துளையிட்ட கார்டுகள். மாணவனின் புரோகிராமும் திருத்துகிற புரோகிராமும் ஒரே மெஷினுக்குள் ஒன்றாகவே இருந்தபடியால், கெட்டிக்கார மாணவன் திருத்துகிற புரோகிராமையே மாற்றிவிடலாம் என்ற ஆபத்து அப்போதே இருந்தது.

யூனிக்ஸில் இதுக்கு ஒரு பதில் வந்தது ஒரு விளையாட்டின் பெயரில். டெனிஸ் ரிட்சியும் கென் தொம்சனும் 1974 கட்டுரையில் 'மூ கணக்குப் பிரச்சினை' என்று ஒன்றைச் சொல்கிறார்கள். மூ என்பது எண்களை ஊகிக்கிற விளையாட்டு. எல்லாரும் விளையாடலாம், ஸ்கோர் ஒரு ஃபைலில் பதிய வேண்டும், ஆனால் விளையாடுகிறவர் அந்த ஃபைலை நேரே திறந்து தன் ஸ்கோரைக் கூட்டக் கூடாது. ரிட்சியின் வழி செட்யூஐடி. புரோகிராம் ஓடும்போது மட்டும் அது தன் சொந்தக்காரரின் அதிகாரத்தோடு ஓடும், ஓட்டினவரின் அதிகாரத்தோடு இல்லை. அந்த ஒரு பிட்டுக்கு 1979இல் பேட்டன்டே கொடுத்தார்கள். ஸ்கோருக்குப் பதில் அசைன்மென்ட் என்று போட்டுப் பாருங்கள், அப்படியே எங்கட கதை.

இனி நான் செய்தது.

ஒன்பது பேருக்கும் தனித்தனி அக்கவுண்ட். எல்லாரையும் அந்த கோர்ஸுக்கும் அந்த டேர்முக்கும் உரிய ஒரு குரூப்பில் சேர்த்தேன். ஃபோல்டரின் பெர்மிஷன் 2770. கடைசி மூன்று எண்ணும் சொல்வது: சொந்தக்காரருக்கும் குரூப்புக்கும் எல்லாம், வெளியாளுக்கு ஒன்றுமில்லை. முன்னால் நிற்கிற 2தான் முக்கியம். உள்ளே யார் புது ஃபைல் உருவாக்கினாலும் அது அந்த குரூப்புக்கே சேரும். கூடவே யூமாஸ்க்கை 007 ஆக வைக்க வேண்டும். அதை மறந்தால் ஃபைல் குரூப்புக்குச் சேர்ந்தும் மற்றவர்களால் எழுத முடியாது, ஒக்டோபரில் அந்தப் பதினொரு மணிக் கதை திரும்ப வரும், டிஏக்கள் பழைய பொது அக்கவுண்டைத்தான் கேட்பார்கள். வேறு ஃபோல்டரிலிருந்து மூவ் பண்ணின ஃபைல் தன் பழைய குரூப்பைத் தூக்கிக்கொண்டே வரும் என்பதை நான் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் கண்டுபிடித்தேன். அதுக்கு இரவில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓடிச் சரிப்படுத்துகிறது.

பொது அக்கவுண்டை நான் அழிக்கவில்லை. இதைக் கேட்டுச் சிலருக்கு ஆச்சரியம். திருத்துகிற ஸ்கிரிப்ட் ஓடுவதுக்கு ஒரு பொது ஆள் தேவை, மார்க் ஃபைலில் எழுதுகிறவர் அவர் மட்டும்தான். பொதுவாக இருக்கக் கூடாதது அவருடைய பாஸ்வேர்ட். அதனால் அவருக்குப் பாஸ்வேர்டே இல்லாமல் செய்தேன். டிஏ முதலில் தன் பெயரில் உள்ளே வந்து, சுடோ மூலம் மார்க்கராக மாறி அந்த ஸ்கிரிப்டை ஓட்டலாம். யார், எத்தனை மணிக்கு, எந்தக் கொமாண்ட் என்று ஒரு வரி எழுதப்படும், அந்த வரி வேறொரு மெஷினுக்குப் போய்விடும். இது முன்னமே இருந்திருந்தால் அந்த மீட்டிங் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

மாணவரின் கோட் ஓடுவது மூன்றாவது அக்கவுண்டில். அதுக்கு மார்க் ஃபைலும் தெரியாது, மற்றவர்களின் ஃபோல்டரும் தெரியாது, இன்டர்நெட்டும் இல்லை. மெமரிக்கும் எத்தனை புரோசஸ் என்பதுக்கும் எல்லை உண்டு. முதலாம் வருடப் பிள்ளைகள் வேண்டுமென்றே சேர்வரை விழுத்துவதில்லை, முடிவில்லாத லூப் ஒன்றே போதும்.

மார்க் ஃபைலை கிட்டில் வைத்தேன். ஒரு எச்சரிக்கை: கிட்டில் இருக்கிற பெயர் நீங்களே போட்டுக்கொள்கிற பெயர், அதை எதுவாகவும் மாற்றலாம். அதனால் சாட்சிக்கு நம்ப வேண்டியது சேர்வரின் லொக்கை.

இதையெல்லாம் நான் கையால் செய்தது அந்த இடத்தில் வேறு ஒன்றும் இல்லாதபடியால். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் கணினித்துறையில் மார்க்கஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் பல வருடமாக இருக்கிறது, பெரும்பாலும் இளங்கலை மாணவர்களே எழுதி வளர்த்தது. மாணவர் சமர்ப்பிப்பதும் டிஏ திருத்துவதும் அவரவர் பெயரிலேயே நடக்கும். உங்களில் யாராவது டிஏயாக இருந்து, கோர்ஸில் செல்வாக்கும் இருந்தால், நான் செய்ததைக் கொப்பி பண்ணாமல் அதைக் கேளுங்கள். பேராசிரியர் தயங்கினால், ஒன்டாரியோவின் தகவல் சுதந்திர, தனியுரிமைச் சட்டம் 2006 ஜூனில் இருந்து பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும் என்பதை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். மாணவரின் மார்க் தனிப்பட்ட தகவல். படிப்பு முடித்துப் போன இரண்டு பேரின் ஃபோனில் அதுக்கான திறப்பு கிடப்பதை அந்தச் சட்டத்துக்கு முன்னால் விளங்கப்படுத்துவது கஷ்டம்.

அதனால் ஒவ்வொரு அக்கவுண்டுக்கும் முடிவு திகதி போட்டேன். முதலில் டிசம்பர் 31 என்று வைத்தேன், பிறகு மார்க் அப்பீல்கள் ஜனவரியிலும் வரும் என்று ஒரு டிஏ சொன்னபடியால் ஜனவரி 31.

ஜனவரி டேர்முக்குப் புது டிஏக்கள் வந்தார்கள். பாஸ்வேர்ட் வேண்டாம், எஸ்எஸ்எச் கீ ஒன்று உருவாக்கி அதன் பப்ளிக் பாதியை மட்டும் எனக்கு அனுப்புங்கள் என்று, படங்களோடு ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். ஒன்பது பேரில் இரண்டு பேர் பிரைவேட் பாதியை ஈமெயிலில் அனுப்பினார்கள். ஒருவர் இரண்டையும். மூன்று பேரையும் முதலில் இருந்து செய்யச் சொல்லிப் பதில் போட்டேன்.