ஸ்டர்பிரிட்ஜின் நீர்ச்சக்கரம்

அமெரிக்காவின் மாசச்சூஸெட்ஸ் மாகாணத்துச் சிற்றூராகிய ஸ்டர்பிரிட்ஜில், வெல்ஸ் சகோதரர்கள் தாம் சேகரித்த பழம்பொருள்களைக் கண்ணாடிப் பேழைகளில் அடைத்து வைப்பதோடு திருப்தியுறாமல், அவற்றைக் கையாண்ட மனிதரின் ஜீவனத்தையே கண்முன் நிறுத்த விரும்பி, பல ஊர்களிலிருந்தும் பெயர்த்துக் கொணர்ந்த பழைய கட்டடங்களைக் கொண்டு அமைத்த கிராமமே, 1946-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற 'ஓல்டு ஸ்டர்பிரிட்ஜ் வில்லேஜ்' என்னும் பொருட்காட்சிசாலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்க காலத்து உடை தரித்த கொல்லரும் தகர வேலைக்காரரும் அங்கே மெய்யாகவே தொழில் செய்கின்றனர்.

எல்லாவற்றிலும் என் மனத்தைப் பெரிதும் ஈர்ப்பது, மேய்ன் மாகாணத்திலிருந்து வந்த கம்பளி சீவும் ஆலைதான். கம்பிப் பற்கள் பதித்த இரு பலகைகளைக் கையிலேந்தி, ஆட்டு ரோமத்தைப் பெண்டிரும் குழந்தைகளும் நாட்கணக்கில் சீவிய சிரமத்தை, நீர்ச்சக்கரத்தால் சுழலும் உருளைகள் சொற்ப நேரத்தில் முடித்து, மிருதுவான திரிகளாக உதிர்த்துவிடுகின்றன. யந்திர யுகத்தின் பிரவேசம் எத்தனை சாந்தமாக, ஓர் ஓடைக்கரையில் நிகழ்ந்தது என்பதை இவ்வளவு தெளிவாக எந்த நூலும் எனக்கு உணர்த்தியதில்லை. அருகிலேயே, விவசாயத்தோடு குயத்தொழிலையும் நடத்திய கனெக்டிகட் மாகாணத்து ஹெர்வி புரூக்ஸ் என்பவருடைய பட்டறையில், இன்றும் செம்மண் பாண்டங்கள் சக்கரத்தில் எழுகின்றன.