கிராங்க் புல்லிக்கும் வயது உண்டு

காரின் பானெட்டைத் திறந்து எஞ்சினின் பெல்ட் ஓடும் பக்கத்தை அடிவரை நோக்கினால், எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அப்பிய ஒரு கனத்த சக்கரம் தென்படும். அதுவே கிராங்க் புல்லி. பிஸ்டன்களின் மேலும் கீழுமான ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றித் தரும் கிராங்க் ஷாஃப்ட் என்னும் வளைந்த தண்டின் முன்முனையில் இது பொருத்தப்பட்டு, மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டருக்கும், ஏ.சி. கம்ப்ரஸருக்கும், பவர் ஸ்டீயரிங் பம்ப்புக்கும், பல எஞ்சின்களில் வாட்டர் பம்ப்புக்கும் பெல்ட் வழியாக ஆற்றலைப் பகிர்ந்தளிக்கிறது. பெல்ட் தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்பதைக் கார் வைத்திருப்போர் அனைவரும் அறிவர். ஆனால் அந்தப் பெல்ட்டை ஓட்டும் புல்லியை, கார் உள்ளவரை கிடக்கும் வெறும் இரும்பு என்று கருதி யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எண்பதுகளுக்குப் பின் வந்த பல கார்களைப் பொறுத்தவரை இந்த எண்ணம் தவறு. அவற்றின் புல்லி ஒற்றை இரும்பு அன்று. தண்டில் அமரும் உள்வட்டமும் பெல்ட் ஓடும் வெளிவளையமும் தனித்தனியாக வார்க்கப்பட்டு, இரண்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் வளையம் இறுக்கியோ ஒட்டவைத்தோ சேர்க்கப்பட்ட மூன்றடுக்குப் பொருள் அது. இரும்பு இருபது முப்பது ஆண்டுகள் தாங்கும்; வெப்பத்திலும் எண்ணெயிலும் கிடக்கும் ரப்பர் அவ்வளவு காலம் தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அந்த ரப்பர் அங்கே இருப்பதற்குக் காரணம் கிராங்க் ஷாஃப்ட்டின் இயல்பிலேயே உள்ளது. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது, நொடிக்கு 50 சுற்றும், சுற்றுக்கு இரண்டு வெடிப்புமாக, நொடிக்கு 100 முறை அந்தத் தண்டின்மீது முறுக்கு விசை பாய்கிறது. உருக்கால் ஆனதென்றாலும் தண்டு ஒவ்வொரு வெடிப்பிலும் கண்ணுக்குத் தெரியாத அளவில், ஒரு பாகையின் சிறு பின்னம் அளவுக்கு, முறுகி மீள்கிறது. ஊஞ்சலை அது வந்துபோகும் தாளத்துக்கு ஒத்துத் தள்ளினால் வீச்சு கூடிக்கொண்டே போவதைப்போல, வெடிப்புகளின் தாளமும் தண்டு இயல்பாக அதிரும் தாளமும் ஏதேனும் ஒரு வேகத்தில் ஒன்றிவிட்டால், இந்த முறுக்கு அதிர்வு பெருகித் தண்டையே ஒடித்துவிடவும் கூடும். ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் முதன்முதலாகப் பரவிய காலத்தில், நீண்டு மெலிந்த கிராங்க் ஷாஃப்ட்டுகள் காரணம் விளங்காமல் ஒடிந்து பொறியாளர்களைத் திகைக்க வைத்தன. பிரிட்டனின் டெய்ம்லர் நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்த ஃபிரெடெரிக் லான்செஸ்டர், தண்டின் முனையில் தனியே சுழலக்கூடிய ஒரு பளுவை வைத்து, அதற்கும் தண்டுக்கும் இடையே எழும் உராய்வைக்கொண்டு அதிர்வைத் தணிக்கும் அமைப்புக்கு 1910-இல் காப்புரிமை கோரினார். உராய்வின் இடத்தில் பின்னாளில் ரப்பர் வந்தது; தணிப்பானும் பெல்ட் புல்லியும் ஒரே உறுப்பாயின. பட்டறைகளில் இதை டேம்பர் புல்லி என்பர்.

ரப்பர் இல்லாத எளிய புல்லிகளும் உண்டு. பழைய பெட்ரோல் அம்பாசடரில் இருந்தது அந்த வகை. அதை இறுக்கிப் பிடிக்கும் நட்டின் முகத்திலேயே பற்கள் வெட்டியிருந்தமையால், பேட்டரி இறங்கிய நாள்களில் காரின் முன்பக்கத்தில் ஹேண்டிலை நுழைத்துச் சுற்றி எஞ்சினைக் கிளப்ப முடிந்தது. இத்தகைய புல்லியில் தேய்வது பெல்ட் ஓடும் பள்ளம். வி-பெல்ட் தன் இரு பக்கச் சுவர்களாலேயே புல்லியைக் கவ்வுகிறது. அதன் அடிப்பாகம் பள்ளத்தின் தரையைத் தொடவே கூடாது. நெடுங்காலத் தேய்மானத்தால் பள்ளத்தின் சுவர்கள் குழிந்துவிட்டால் பெல்ட் கீழிறங்கித் தரையில் உட்கார்ந்து வழுக்கத் தொடங்கும். பள்ளத்தின் தரை கண்ணாடிபோல் பளபளத்தால், புல்லி தேய்ந்துவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு: பெல்ட் கீச்சிடுகிறது என்று அதை மேலும் மேலும் இறுக்குகிறார்கள், அந்த இறுக்கத்தைத் தாங்காமல் ஆல்டர்னேட்டரின் பேரிங்கும் வாட்டர் பம்ப்பின் பேரிங்கும் போகின்றன, புல்லி மட்டும் பழியேதும் இன்றி அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. கனத்த வார்ப்பிரும்புப் புல்லி என்றால் லேத்தில் கொடுத்துப் பள்ளத்தை ஒருமுறை சீவிக்கொள்ளலாம். தகட்டை அழுத்திச் செய்த புல்லியில் சீவுவதற்கு இரும்பே இராது. அதை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

டேம்பர் புல்லியின் கேடு இதைவிட மறைவானது. ரப்பர் முதலில் வெடித்துக் கெட்டியாகிறது, அல்லது முன்புற ஆயில் சீல் வழியே கசியும் எண்ணெயில் ஊறி உப்பிக் குழைகிறது. பின்னர் வெளிவளையம் உள்வட்டத்தின்மேல் சிறிது சிறிதாக நழுவுகிறது. ஸ்வீடனின் வால்வோ நிறுவனம் 240, 740 வரிசைக் கார்களில் பொருத்திய பி230 எஞ்சின் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. அதன் வெளிவளையம் ரப்பரை விட்டு விலகிப் பின்னோக்கி நகர்ந்தால், முதலில் டைமிங் பெல்ட்டின் மூடியை அறுக்கும். கவனிக்காமல் விட்டால் அதற்குள் ஓடும் பெல்ட்டையும் அறுத்துவிடும். வால்வுகளைக் கிராங்க்கின் சுழற்சியோடு இசைவித்துத் திறந்து மூடச் செய்யும் டைமிங் பெல்ட் அறுந்தால் எஞ்சின் அந்த நொடியே நின்றுவிடும். வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாத அமைப்பு என்பதால் பி230 எஞ்சின் பிழைக்கும். மோதக்கூடிய அமைப்புள்ள எஞ்சினாக இருந்தால் வால்வுகள் வளைந்து, செலவு புல்லியின் விலையைப்போலப் பல மடங்காகும்.

நழுவல் இன்னொரு விதத்திலும் ஏமாற்றுகிறது. ஸ்பார்க் பிளக் எந்தக் கணத்தில் தீப்பொறி விட வேண்டும் என்பதைச் சரிபார்ப்பதற்கான டைமிங் குறி, பல பழைய கார்களில் புல்லியின் வெளிவளையத்தில்தான் வெட்டப்பட்டிருக்கும். வளையம் பத்துப் பாகை நழுவியிருந்தால் குறியும் பத்துப் பாகை பொய் சொல்லும். மெக்கானிக் டைமிங் லைட்டைப் பிடித்து, குறியைச் சுட்டியோடு நேராக்கி, வேலை முடிந்தது என்று கருதுவார். காரோ மேட்டில் இழுக்காது, அல்லது நாக்கிங் சத்தம் எழுப்பும், சூடேறும், பெட்ரோலைக் குடிக்கும். கார்புரேட்டர் கழுவப்படும், டிஸ்ட்ரிபியூட்டர் மாற்றப்படும், புல்லியை ஐயுறுவதற்கு யாருக்கும் தோன்றாது. முறையாகச் சோதிக்க வேண்டுமெனில், முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும் சிறு கருவியை முடுக்கி, எஞ்சினைக் கையால் மெதுவாக ஒரு பக்கம் தட்டும்வரை சுற்றி ஒரு கோடும், மறுபக்கம் தட்டும்வரை சுற்றி இன்னொரு கோடும் புல்லியில் இட வேண்டும். இரண்டுக்கும் நடுப்புள்ளியே பிஸ்டன் உச்சியில் நிற்கும் உண்மையான இடம். தொழிற்சாலைக் குறி அதனோடு ஒத்துவராவிட்டால் வளையம் நழுவியிருக்கிறது என்று பொருள்.

இவ்வளவு கருவி இல்லாதவருக்கும் ஒரு வழி உண்டு. எஞ்சின் ஆறியிருக்கும்போது புல்லியின் முகத்தைத் துடைத்து, உள்வட்டம், ரப்பர், வெளிவளையம் மூன்றையும் குறுக்கே வெட்டுமாறு வெள்ளைப் பெயிண்ட்டால் ஒரு நேர்கோடு இழுத்து, சில வாரங்கள் வழக்கம்போல் ஓட்டியபின் பார்த்தால் போதும். கோடு ரப்பரின் இடத்தில் முறிந்து, வெளிப்பாதி ஒருபுறம் ஒதுங்கி நின்றால் புல்லியின் காலம் முடிந்துவிட்டது. கார் நின்றபடி எஞ்சின் ஓடும்போது புல்லியின் விளிம்பு தள்ளாடித் தெரிவதும், ரப்பர் விளிம்பில் பிதுங்கி நிற்பதும் அதே செய்தியைத்தான் சொல்கின்றன.

மாற்றும் வேலையில் பெரும்பாடு, நடுவிலுள்ள ஒற்றை போல்ட்டைக் கழற்றுவதே. பல எஞ்சின்களில் இது 150 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்கப்பட்டிருக்கும். கார்ச் சக்கரத்தின் நட்டு ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர்தான் என்பதை நினைத்தால் இதன் பிடிவாதம் விளங்கும். ஸ்பேனரைத் திருப்பும்போது எஞ்சினும் சேர்ந்து சுற்றாமல் தடுக்க, கியர் கார்களில் டாப் கியரைப் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடிப்பர். அது போதாதபோது ஃபிளைவீலின் பற்களைப் பூட்டும் கருவியைப் பயன்படுத்துவர். ஹோண்டாவின் பழைய புல்லிகளில் இதற்கென்றே 50 மில்லிமீட்டர் அறுகோணக் குழி உண்டு. நீண்ட ஸ்பேனரைச் சேஸிஸில் முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டரைத் தட்டும் குறுக்குவழி சில பட்டறைகளில் வழக்கத்தில் உள்ளது. ஸ்பேனர் பறந்து ஆளையே அடிக்கக்கூடும் என்பது ஒருபுறம் இருக்க, ஹோண்டாவின் பழைய டி, பி வகை எஞ்சின்கள் மற்றவற்றுக்கு எதிர்த்திசையில் சுழல்பவை ஆதலால், அங்கே இந்த வித்தை போல்ட்டைத் தளர்த்தாமல் மேலும் இறுக்கவே செய்யும்.

போல்ட் கழன்றபின் புல்லி தானாக வராவிட்டால் புல்லர் தேவை. புல்லரின் பிடி உள்வட்டத்திலுள்ள மறைத்துளைகளில் போல்ட் முடுக்கிப் பெறப்பட வேண்டுமே தவிர, வெளிவளையத்தின் விளிம்பில் கொக்கிகளை மாட்டி இழுக்கக் கூடாது. இழுத்தால் வளையம் மட்டும் ரப்பரைக் கிழித்துக்கொண்டு கையோடு வரும். சுத்தியலுக்கு இங்கே வேலையே இல்லை. முனையில் விழும் ஒவ்வோர் அடியும் கிராங்க்கை முன்பின் நகராமல் தாங்கும் திரஸ்ட் பேரிங்கைத்தான் போய்த் தாக்குகிறது.

புல்லி கையில் வந்தவுடன் அதன் பின்புறக் கழுத்தில் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆயில் சீலின் மெல்லிய உதடு ஆண்டுக்கணக்கில் உரசிய இடத்தில் நகம் சிக்கும் அளவுக்கு ஒரு வரிப்பள்ளம் விழுந்திருந்தால், சீலை மட்டும் புதிதாகப் போட்டுப் பயனில்லை. எண்ணெய் அந்தப் பள்ளத்தின் வழியே மீண்டும் கசியும். புல்லி மாறாத நிலையில் மெல்லிய எவர்சில்வர் உறை ஒன்றைக் கழுத்தின்மேல் ஏற்றி அதைச் சீர்செய்யலாம். புதிய புல்லியோடு புதிய சீலையும் போட்டுவிடுவதே சிறந்தது. சீல் ஓரிரு நூறு ரூபாய்ப் பொருள். அதை மாற்ற மீண்டும் இத்தனையையும் கழற்றும் கூலியோ அதைவிடப் பல மடங்கு.

பொருத்தும்போது நேரும் பிழைகளே பின்னாளில் அதிகம் தண்டிப்பவை. புல்லியையும் தண்டையும் இணைக்கும் அரைவட்டச் சாவியே எல்லாச் சுமையையும் தாங்குகிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் சாவியின் முதன்மையான வேலை இடத்தைக் காட்டுவது. சுழற்சி விசையைத் தாங்குவது போல்ட்டின் இறுக்கத்தால் முகத்தோடு முகம் அழுந்தி எழும் உராய்வு. போல்ட் தளர்ந்தால் விசை முழுவதும் சாவியின்மேல் விழும், சாவி தன் பள்ளத்தை இடித்து இடித்து அகலமாக்கும், கிராங்க்கே பாழாகும். மஸ்டா நிறுவனத்தின் மியாட்டா காரில், 1990 முதல் 1991-இன் தொடக்கம் வரை வந்த 1.6 லிட்டர் எஞ்சின்களின் கிராங்க் முனை குட்டையாக அமைந்திருந்தமையால், இந்தக் கேடு பெயர்பெற்ற நோயாகவே ஆயிற்று. எனவே, தயாரிப்பாளர் குறித்த முறுக்கு அளவை டார்க் ரெஞ்ச் கொண்டு கொடுப்பது கட்டாயம். முன்சொன்ன வால்வோ எஞ்சினில் முதலில் 60 நியூட்டன் மீட்டர், பின்னர் மேலும் 60 பாகைத் திருப்பம் என்று இரு கட்டமாக இறுக்க வேண்டும். கோணக் கணக்கில் இறுக்கப்படும் போல்ட்டுகள் பல சற்றே நீளும்படி அமைந்தவை; தயாரிப்பாளர் ஒருமுறைப் பயன்பாட்டுக்கு உரியது என்று சொன்னால் பழையதை மீண்டும் முடுக்குவது சிக்கனம் ஆகாது.

புதிய புல்லி எங்கே வாங்குவது என்பதும் எளிய கேள்வியன்று. சென்னை புதுப்பேட்டையில் உடைத்த கார்களின் உதிரிகள் மலிவாகக் கிடைக்கின்றன. ரப்பர் இல்லாத புல்லிக்கு அது நல்ல இடம். டேம்பர் புல்லியை மட்டும் அங்கே தேடுவது வீண். உடைத்த காரின் ரப்பருக்கும் உங்கள் காரின் ரப்பருக்கும் வயது ஒன்றுதான். உற்பத்தி நின்றுபோன அரிய கார்களுக்காக, பழைய இரும்பை வைத்துக்கொண்டு புதிய ரப்பரை வார்த்துத் தரும் பட்டறைகள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இயங்குகின்றன. எடை குறைவு, வேகம் கூடும் என்று விற்கப்படும் ரப்பரற்ற அலுமினியப் புல்லிகள், டேம்பர் தேவைப்படும் எஞ்சினில் அதிர்வுத் தணிப்பையே நீக்கிவிடுகின்றன. பார்வைக்கு ஒத்திருப்பதும் போதாது: ஃபோர்டின் 302 வி8 எஞ்சினில் சமன் செய்யும் எடை டேம்பரிலும் சேர்க்கப்பட்டிருக்கும், 1980-களின் தொடக்கம் வரை 28 அவுன்ஸ்-அங்குலமாக இருந்த அந்த அளவு பின்னர் 50 ஆனது. ஒன்றன் இடத்தில் மற்றதைப் போட்டால் எஞ்சின் நடுங்கியே ஓடும்.

டைமிங் பெல்ட் மாற்றக் காரை விடும்போது பெரும்பாலான எஞ்சின்களில் புல்லி எப்படியும் கழற்றப்படும். கூலி தனியாகக் கேட்காத அந்த நேரத்தில் அதன் ரப்பரையும் கழுத்தையும் சாவிப் பள்ளத்தையும் உரிமையாளர் நேரில் பார்த்துக்கொள்வது நல்லது. டார்க் ரெஞ்ச் இல்லாத பட்டறையில் மட்டும் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.