கையால் ஊட்டும் மூச்சு

1952-ஆம் ஆண்டு டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, இயந்திரங்கள் போதவில்லை. பியோன் இப்சன் என்னும் மயக்க மருத்துவர் காட்டிய வழியில், மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, நோயாளரின் தொண்டைத் துளைவழியே இரப்பர்ப் பையை இரவும் பகலும் அழுத்தி மூச்சூட்டினர். தானே விரியும் பை அந்நாட்டிலேயே 1956-இல் வந்தது. நம் மருத்துவமனைகளில் 'அம்பு பை' எனப்படுவது அதுவே.

அன்பர்களே, பையை அழுத்துதல் எளிது. முகமூடியைக் காற்றொழுகாமல் பொருத்துவதே அரிது. அதை முகத்தின்மேல் அமுக்கலாகாது. தாடையையே முகமூடியை நோக்கி உயர்த்த வேண்டும். இருவர் இருப்பின், ஒருவர் இரு கைகளாலும் முகமூடியைப் பிடிக்க, மற்றவர் பையை அழுத்துவது நலம்.

மூச்சு நின்றும் நாடி ஓடும் பெரியவர்க்கு ஆறு வினாடிக்கு ஒருமுறை, ஒரு வினாடி நேரம், மார்பு எழுமளவே போதும். பதற்றத்தில் விரைந்து அழுத்துவோரே மிகுதி. மிகையான காற்று இரைப்பையிற் புகுந்து வாந்தியை எழுப்பும். மார்பினுள் அழுத்தம் ஏறி, இதயத்திற்குத் திரும்பும் இரத்தத்தையும் குறைக்கும்.