கிண்ணச் செடியும் கடுக்காய்க் கொடியும்

போன ஐப்பசியில் டெங்கு கொசுப் புழு பார்க்க வந்த அக்கா, மதுரை திருநகர் மூன்றாவது ஸ்டாப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டு வராந்தாவில் டார்ச்சை அடித்தபடி நின்றுவிட்டார். "சார், டயரு, சிரட்டை, பிரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கிற டிரே, எல்லாத்தையும் கவுத்துங்கன்னு வீடு வீடா சொல்லிட்டு வர்றேன். நீங்க செடிக்குள்ளயே தண்ணியக் கட்டி வச்சிருக்கீங்களே!"

அவர் சொன்னதில் தவறே இல்லை. அந்தத் தொட்டியில் இருந்தது குஸ்மேனியா. புரோமிலியாட் என்று நர்சரிகளில் விற்கும் செடிகளில் ஒன்று. வாள் போன்ற பச்சை இலைகள் வட்டமாக அடுக்கி, கிண்ணம் போலத் தண்ணீரைத் தேக்கி நிற்கும். நடுவில் சிவப்பு நட்சத்திரம் மாதிரி ஒரு கொத்து. "மாசக்கணக்குல வாடாது சார்" என்று சொல்லி முந்நூற்றைம்பது ரூபாய்க்குத் தந்தார்கள். வாடாததன் ரகசியம், அது பூவே இல்லை என்பதுதான். அந்தச் சிவப்பெல்லாம் பூவைத் தாங்கும் இலைகள். நான்குவழிச் சாலையின் நடுவில் காகிதப்பூ காட்டுகிற அதே வித்தை. உண்மையான பூக்கள் சின்னதாய் உள்ளே ஒளிந்திருக்கும், சில நாளில் உதிர்ந்தும் விடும்.

எதிர்வீட்டு அத்தை என் செடியைப் பார்த்ததும் "அன்னாசியா தம்பி?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வெட்கமாக இருந்தது. அவர் சொன்னதுதான் தாவரவியல். புரோமிலியாட்கள் அன்னாசிக் குடும்பம். மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் இதில் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் கினியில் வளரும் ஒன்றே ஒன்றைத் தவிர, அத்தனைக்கும் தாய்மண் அமெரிக்கக் கண்டங்கள். போர்த்துகீசியர் கொண்டுவந்த அன்னாசி மட்டும் நம் சந்தைக்கும் அகராதிக்கும் வந்து சேர்ந்தது. மற்றவை இப்போதுதான் வராந்தாவுக்கு வருகின்றன.

அந்த அத்தை வீட்டு மதிலில் ரங்கூன் மல்லி. யாரோ கொடுத்த பதியன், காசு கிடையாது. இரும்பு கேட்டின் வளைவைத் தாண்டி சஜ்ஜா வரை ஏறிவிட்டது. சாயங்காலம் அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு நொடி நடையைத் தளர்த்துவார்கள். பெயரில் மல்லி இருந்தாலும் மல்லிகைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இது கடுக்காய், தான்றிக்காய், மருதமரம் ஆகியவற்றின் குடும்பம். காய்த்தால், ஐந்து விளிம்பு வைத்த காயைக் கையில் எடுத்துப் பாருங்கள், உறவு தெரியும்.

அழகுக்கு எது என்று ஒப்பிடுவதற்கு முன்னால் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். கிண்ணமும் கொடியும் ஒரே சிக்கலுக்குக் கண்டுபிடிக்கப்பட்ட இரண்டு வழிகள். அடர்ந்த மழைக்காட்டில் வெளிச்சம் முழுக்க உச்சியில் இருக்கிறது. தரைக்கு நூற்றில் இரண்டு பங்குகூட வந்து சேராது. உச்சிக்குப் போக மரம் பல வருடம் செலவழித்து அடிமரம் கட்டுகிறது. கொடி அந்தச் செலவைச் செய்வதில்லை. அடுத்தவர் கட்டிய அடிமரத்தில் சாய்ந்து ஏறுகிறது. புரோமிலியாட்களில் பாதிக்கு மேல் இன்னும் துணிச்சலானவை. மண்ணையே விட்டுவிட்டு, மரக்கிளையில் போய்க் குடியேறிவிட்டன.

மண்ணை விட்டால் தண்ணீருக்கு எங்கே போவது? அதற்குத்தான் கிண்ணம். இலைகளின் அடிப்பகுதி ஒன்றையொன்று இறுகப் பிடித்து மழைத்தண்ணீரைத் தேக்குகிறது. பெரிய இனங்களில் பல லிட்டர் நிற்கும். விழுகிற சருகும் பூச்சியும் அதில் மக்கி உரமாகும். இலைமேல் இருக்கும் நுண்செதில்கள் அந்த நீரையும் சத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். வேருக்குப் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும் வேலைதான். கோஸ்டா ரிக்காவைச் சேர்ந்த குளோடோமிரோ பிகாடோ 1913-இல் இந்தக் கிண்ணங்களில் வாழும் உயிர்களைப் பட்டியல் போட்டு ஒரு ஆய்வேடே எழுதினார். தவளை, நண்டு, தட்டான் குஞ்சு என்று மரத்து மேல் ஒரு கண்மாய்.

கண்மாய் இருந்தால் கொசுவும் இருக்கும். 1940-களில் டிரினிடாட் தீவின் கோகோ தோட்டங்களில் மலேரியா பரவியபோது, அதற்குக் காரணமான அனோபிலஸ் கொசு தரையில் எந்தக் குட்டையிலும் அகப்படவில்லை. கோகோவுக்கு நிழல் தர நட்டிருந்த மரங்களில், அதாவது நம் கல்யாண முருங்கையின் உறவுமரங்களில், புரோமிலியாட்கள் மண்டிக் கிடந்தன. கொசு அங்கேதான் முட்டையிட்டுக்கொண்டிருந்தது. மயில்துத்தக் கரைசலை அடித்து அந்தச் செடிகளைக் கொன்றார்கள். அந்தக் கொசுக்களை அப்போது ஆராய்ந்தவர் காலின் பிட்டென்டிரை. எந்தக் கொசு எந்த மணி நேரத்தில் கடிக்கும் என்று கவனித்தவர், பின்னாளில் உயிர்களின் உடல் கடிகாரத்தை ஆராயும் துறைக்கே முன்னோடி ஆனார். எங்கள் வராந்தாத் தொட்டியின் தாயாதிகளுக்கு இப்படி ஒரு வரலாறு.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவோ வேறு ரகம். ரியோ டி ஜெனிரோவில் புரோமிலியாட் கிண்ணங்களைத் துழாவிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த புழுக்களில் ஏடிஸ் எஜிப்தி சொற்பமே. அதற்குப் பிடித்தது டிரம்மும் டயரும்தான். ஆனாலும் சொற்பம் என்பது பூஜ்யம் ஆகாது. கொசுவையே ஆராய்வதற்கென்று சின்னச் சொக்கிகுளத்தில் மத்திய அரசின் ஆய்வு மையம் நடந்த ஊரில் இருந்துகொண்டு, இதில் அசட்டையாக இருப்பது எனக்கு அழகில்லை.

இப்போது மதில் பக்கம் போவோம். ரங்கூன் மல்லி சாயங்காலம் விரியும்போது வெள்ளை. மறுநாள் இளஞ்சிவப்பு. அதற்கடுத்து ரத்தச் சிவப்பு. ஒரே கொத்தில் மூன்று நிறம் தொங்குவது இதனால்தான்; மூன்று வகைப் பூ இல்லை, மூன்று வயதுப் பூ. வெள்ளையும் வாசனையும் இரவில் வரும் அந்துப்பூச்சிக்கு. பூவின் குழல் விரல் நீளம். அடியில் இருக்கும் தேனை எட்ட, சுருட்டி வைத்த நீண்ட நாக்கு உள்ள பருந்து அந்துப்பூச்சியால் முடியும். விடிந்த பிறகு நிறம் மாறி, தேனீயையும் வண்ணத்துப்பூச்சியையும் கூப்பிடுகிறது. ஒரே கடை, இரண்டு ஷிப்ட்.

ஏறும் விதமும் தனி. இளசாக இருக்கும்போது சாதாரணப் புதர் மாதிரி நிற்கும். பிறகு நீளக் கிளை விட்டுத் துழாவும். இலை உதிர்ந்தாலும் காம்பின் அடி உதிராமல் முள்ளாக இறுகி, கொக்கி போல மாட்டிக்கொள்ளும். 1865-இல் சார்லஸ் டார்வின் கொடிகளைச் சுற்றிப் படர்பவை, இலையால் பற்றுபவை, பற்றுக்கம்பி உள்ளவை, கொக்கி போடுபவை, வேரால் ஒட்டுபவை என்று பிரித்தார். உடல்நலம் கெட்டுப் படுத்திருந்த நாட்களில், அறையில் தொட்டியை வைத்துக்கொண்டு கொடியின் நுனி வட்டமிடுவதை மணிக்கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். கைத்தடி பருமன்கூட இல்லாத தண்டு இத்தனை இலைக்கு எப்படித் தண்ணீர் அனுப்புகிறது என்றால், கொடிகளின் நீர்க்குழாய்கள் மரத்தினுடையதைவிட அகலமானவை. தாங்கும் கட்டையில் மிச்சம் பிடித்ததைக் குழாயில் போட்டிருக்கின்றன.

ரங்கூன் மல்லிக்குக் குயிஸ்குவாலிஸ் என்ற பழைய லத்தீன் பெயர் ஒன்று உண்டு. 'யார், என்ன?' என்று பொருள். அம்போன் தீவில் இருந்த தாவரவியலாளர் ரும்ஃபியஸ், மலாய்க்காரர்கள் சொன்ன 'உடானி' என்ற பெயரை டச்சு மொழியில் ஒரு சிலேடையாக்கி, அதை லத்தீனுக்கு மாற்றியதில் வந்தது. விதையில் இருக்கும் குயிஸ்குவாலிக் அமிலத்தால்தான் இதை ஆசிய நாடுகளில் நாக்குப்பூச்சி மருந்தாகக் கொடுத்தார்கள். மூளை நரம்புகளில் இந்த அமிலம் பட்டதும் வேலைசெய்யும் ஏற்பிகளுக்கு விஞ்ஞானிகள் முதலில் இந்தக் கொடியின் பெயரையே வைத்திருந்தார்கள். ஆகவே, விதையை யாரும் மென்று பார்க்க வேண்டாம்.

சரி, திருநகருக்கு எது? சித்திரை வெயிலில் மேற்குச் சுவர் கொதிக்கும். அந்தச் சுவருக்குக் கொடிதான். நேர் வெயில் அதற்கு உணவு. இலைகள் சுவரில் வெயில் விழாமல் தடுத்து, நீராவி விட்டுக் காற்றையும் தணிக்கும். வேர் பிடித்துவிட்டால் இரண்டு நாள் தண்ணீர் விட மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது. புதுக்கிளையில்தான் பூக்கும் என்பதால், பூத்து ஓய்ந்ததும் கத்தரியை எடுக்கத் தயங்கக் கூடாது. விட்டால் மின்கம்பி வரை போய்விடும்.

குஸ்மேனியாவை அதே வெயிலில் வைத்தால் ஒரு வாரத்தில் இலை வெந்து பழுப்பாகும். எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம். கிண்ணத்தில் ஊற்றி ஊற்றி அது வற்றினால், உப்புப் படிந்து நுனி கருகுகிறது. நான் ஒரு செடியை இப்படித்தான் இழந்தேன். இன்னொரு வருத்தமும் உண்டு. ஒரு செடி வாழ்நாளில் ஒரே முறைதான் பூக்கும். பிறகு வாழை மாதிரிப் பக்கக்கன்று விட்டுவிட்டு மெல்ல மாளும். கன்று தாயின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆனதும் பிரித்து நடலாம். அது பூக்க மறுத்தால், பழுத்த ஆப்பிளையோ வாழைப்பழத்தையோ சேர்த்து ஒரு பாலித்தீன் கவரில் பத்து நாள் மூடி வைக்கச் சொல்கிறார்கள். அப்போது கிண்ணத்தில் தண்ணீர் இருக்கக் கூடாது. பழம் விடும் எத்திலீன் வாயுதான் பூக்கச் செய்கிறது. வாழைத்தாருக்கு நம்மவர்கள் புகைமூட்டம் போடுவதும் அதே வாயுவை நம்பித்தான். அசோர்ஸ் தீவுகளின் கண்ணாடிக் குடில்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அன்னாசியைப் பூக்கவைக்கப் புகை போட்டார்கள்.

என் தீர்ப்பு இதுதான். காசும் இடமும் ஒன்றுக்குத்தான் உண்டு என்றால் கொடியை நடுங்கள். இரண்டும் வேண்டும் என்றால், கொடி ஏறிப் பந்தலாக நிழல் விழட்டும். அதற்கு அடியில் புரோமிலியாட்டை வையுங்கள். அதன் ஊரில் அது இருந்த இடமும் ஏறக்குறைய அதுதான். ஐந்து நாளுக்கு ஒருமுறை தொட்டியைச் சாய்த்துக் கிண்ணத்துப் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு, மாடியில் பிடித்த மழைத்தண்ணீர் இருந்தால் அதை ஊற்றுங்கள். எங்கள் தெரு வெயிலில் கொசு முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும்.